நான்கு மணி நேரம் கையில் இருந்தது

பினாங்கின் சுற்றுலாத் தொழில் இயற்கைப் பேரிடரை எதிர்கொள்ள எப்படி ஆயத்தமாக வேண்டும் என்பது இன்றைய பேச்சின் பொருள். இதை ஒரு நேரக் கணக்கிலிருந்து தொடங்குவதே பொருத்தம்.

2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. மலேசிய நேரப்படி காலை 8.58-க்குச் சுமத்ராவின் வடமேற்குக் கடலடியில் நிலம் பிளந்தது. நிலநடுக்கத்தின் அளவு 9.1. பினாங்கில் அடுக்குமாடி வீடுகளில் இருந்தவர்களும் அந்த அதிர்வை உணர்ந்தார்கள். பலர் படிகளில் இறங்கி வெளியே வந்து நின்றார்கள். சற்று நேரம் பேசிக்கொண்டிருந்துவிட்டுத் திரும்பவும் மேலே போனார்கள். பள்ளி விடுமுறைக் காலம், கிறிஸ்துமஸுக்கு மறுநாள். குடும்பம் குடும்பமாக மக்கள் கடற்கரைக்குப் புறப்பட்டார்கள்.

ஏறக்குறைய 11 மணிக்குப் புக்கெட் தீவின் கரைகளை அலை அடித்தது. 11.30 வாக்கில், அதாவது இந்திய நேரம் காலை 9 மணியளவில், சென்னை மெரினாவிலும் நாகப்பட்டினத்திலும் வேளாங்கண்ணியிலும் கடல் ஊருக்குள் புகுந்தது. பத்து பெரிங்கியிலும் பாலிக் புலாவ் பக்கத்துப் பாசீர் பாஞ்சாங்கிலும் அந்த நேரத்தில் பிள்ளைகள் தண்ணீரில் விளையாடிக்கொண்டிருந்தார்கள். பினாங்குக் கரைக்கு அலை வந்து சேர்ந்தது மதியம் 1 மணிக்குப் பிறகு.

நிலம் அதிர்ந்ததிலிருந்து நான்கு மணி நேரம். புக்கெட் அடிபட்டதிலிருந்து ஏறக்குறைய இரண்டு மணி நேரம். சென்னையில் உறவுள்ள எத்தனையோ குடும்பங்கள் பினாங்கில் உண்டு. ஒரு தொலைபேசி அழைப்புக்கு ஒரு நிமிடம் போதும். ஆனாலும் அந்தச் செய்தி மணலில் நின்றவர்களிடம் வந்து சேரவில்லை. மலேசியாவில் 68 பேர் மாண்டார்கள். கெடாவில் 12, பேராக்கில் 3, சிலாங்கூரில் 1. மீதி 52 பேரும் பினாங்கில்.

அன்றைக்கு இந்தியப் பெருங்கடலுக்கு எச்சரிக்கை அமைப்பு ஒன்றும் இல்லை. பசிபிக் கடலுக்கு இருந்தது, இங்கே இல்லை. ஆகவே எந்த விடுதி நிர்வாகியையும் படகுக்காரரையும் இன்று குற்றம் சொல்வதில் நியாயமில்லை. ஆனால் இன்று அமைப்பு இருக்கிறது. இன்றும் அந்த நான்கு மணி நேரம் வீணாகுமானால் அதற்குப் பெயர் விதியல்ல.

பினாங்குக்குக் கிடைத்த சலுகை

பினாங்குக்குச் சுமத்ரா ஒரு மதில். இந்தியப் பெருங்கடலில் பிறக்கும் அலை நேராக வந்து மோத முடியாது. சுமத்ராவின் வட முனையைச் சுற்றி வளைந்து மலாக்கா நீரிணைக்குள் நுழைய வேண்டும். நீரிணையோ ஆழம் குறைந்தது. ஆழிப்பேரலையின் வேகம் கடலின் ஆழத்தைப் பொறுத்தது. 4,000 மீட்டர் ஆழத்தில் மணிக்கு 700 கிலோமீட்டர் வேகத்தில், ஆகாய விமானத்தைப் போல் ஓடுகிற அலை, 50 மீட்டர் ஆழத்தில் மணிக்கு 80 கிலோமீட்டராகத் தளர்ந்துவிடும். அலை வந்து சேர நான்கு மணி நேரம் பிடித்ததற்குக் காரணம் இதுதான். அடுத்த முறையும் அச்சே, நிக்கோபார் பக்கத்திலிருந்து அலை கிளம்பினால் பினாங்குக்கு மணிக்கணக்கில் அவகாசம் இருக்கும்.

இந்த அவகாசத்தின் அருமை தெரிய வேண்டுமானால் அச்சே மாநிலத்தின் சிமலூ தீவைப் பார்க்க வேண்டும். நடுக்கத்தின் மையத்துக்கு மிக அருகில் இருந்தது அந்தத் தீவு. அவர்களுக்குக் கிடைத்தது சுமார் பத்து நிமிடம். அங்கே இருந்த ஏறக்குறைய 78,000 பேரில் இறந்தவர்கள் 7 பேர் மட்டுமே. அவர்களிடம் சைரனும் இல்லை, கைத்தொலைபேசிச் செய்தியும் இல்லை. 1907-ஆம் ஆண்டில் இதேபோல் ஒரு பேரலை வந்து ஊரை அழித்தது. பாட்டிமார் அதைக் கதையாகவும் பாட்டாகவும் பேரப்பிள்ளைகளுக்குச் சொல்லி வைத்தார்கள். அதற்கு அவர்கள் வைத்த பெயர் ‘ஸ்மோங்’. நிலம் பலமாக ஆடினால் மலைக்கு ஓடு, திரும்பிப் பார்க்காதே என்பதே கதையின் சாரம். ஆடியது, ஓடினார்கள், பிழைத்தார்கள். பத்து நிமிடத்தில் அவர்கள் செய்ததைப் பினாங்கு நான்கு மணி நேரத்தில் செய்ய முடியாதா?

புக்கெட் தீவின் மாய் காவோ கடற்கரையில் நடந்ததும் உலகறிந்த செய்தி. டில்லி ஸ்மித் என்ற பத்து வயது ஆங்கிலேயச் சிறுமி பெற்றோருடன் விடுமுறைக்கு வந்திருந்தாள். கடல் நீர் நுரைத்துப் பொங்குவதைக் கண்டாள். இரண்டு வாரத்துக்கு முன் புவியியல் வகுப்பில் படித்தது நினைவுக்கு வந்தது. சுனாமி வரப்போகிறது என்று கத்தினாள். பெற்றோர் முதலில் நம்பவில்லை. பிறகு விடுதியின் பணியாளர்களுக்குச் சொல்லப்பட்டது, கடற்கரை காலியானது. சுமார் நூறு பேர் தப்பினார்கள். இந்தச் செய்தியைச் சொல்கிறவர்கள் எல்லாரும் சிறுமியைப் புகழ்வார்கள், புகழ வேண்டியதுதான். ஆனால் தொழில் செய்பவர்கள் கவனிக்க வேண்டியது அந்தப் பணியாளர்களை. ஒரு விருந்தாளியின் குழந்தை சொன்னதை அவர்கள் காதில் வாங்கினார்கள். ஆட்களைக் கிளப்பினார்கள்.

பினாங்கில் ஒரு சின்ன விடுதியின் முகப்பிடத்தில் ஞாயிற்றுக்கிழமை மதியம் நிற்பது யார்? பெரும்பாலும் வேலைக்குப் புதிதாக வந்த ஓர் இளைஞர். நிர்வாகி விடுமுறையில் இருப்பார், முதலாளி ஒரு கல்யாண விருந்தில் இருப்பார். கைத்தொலைபேசிக்கு எச்சரிக்கை வருகிறது என்று வைத்துக்கொள்வோம். அந்த இளைஞர் என்ன செய்வார்? முதலாளிக்கு அழைப்பார். அவர் எடுக்கமாட்டார். மறுபடி அழைப்பார். வெளியே நீச்சல் குளத்தில் நாற்பது பேர், மணலில் அறுபது பேர். தவறாக இருந்தால் வேலை போய்விடுமோ என்ற பயம் ஒரு பக்கம். ஆயத்தம் என்பதன் முதல் வேலை இந்தப் பயத்தைப் போக்குவதுதான். “எச்சரிக்கை வந்தால் யாரையும் கேட்க வேண்டாம். கடற்கரையைக் காலி செய். தவறாகப் போனாலும் உன்னை ஒன்றும் சொல்லமாட்டேன்” என்று முதலாளி எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுக்க வேண்டும். இதற்கு ஒரு சென் செலவில்லை. ஆனால் இதைச் செய்யாமல் வாங்கி வைக்கும் ஒலிபெருக்கியும் விசைவிளக்கும் அலமாரியில்தான் கிடக்கும்.

வராத அலையின் விலை

2012-ஆம் ஆண்டு ஏப்ரல் 11, மாலை 4.38. மறுபடியும் சுமத்ராவுக்கு மேற்கே நிலநடுக்கம். அளவு 8.6. இந்த முறை எச்சரிக்கை அமைப்பு வேலை செய்தது. இந்தியா, இந்தோனேசியா, ஆஸ்திரேலியா மூன்றும் 2011 முதல் இந்தியப் பெருங்கடல் முழுமைக்கும் தகவல் தரத் தொடங்கியிருந்தன. மலேசிய வானிலை ஆய்வுத் துறையும் 2004-க்குப் பிறகு தேசிய சுனாமி எச்சரிக்கை அமைப்பை நிறுவியிருந்தது. பினாங்கின் கடற்கரைகளிலிருந்து மக்கள் வெளியேற்றப்பட்டார்கள். பெரிய அலை வரவில்லை. அன்று கடலடித் தட்டுகள் மேலும் கீழுமாக நகராமல் பக்கவாட்டில் உராய்ந்து நகர்ந்ததே காரணம். கடல் நீர் மேலே தூக்கப்படவில்லை.

மறுநாள் சில பேர் சலித்துக்கொண்டார்கள். ஒரு மாலை வியாபாரம் போயிற்று, விருந்தாளிகள் மிரண்டார்கள், வீண் அமர்க்களம் என்றார்கள். இந்தச் சலிப்புதான் அலையைவிட ஆபத்தானது. நிலநடுக்கம் நடந்த சில நிமிடங்களில் அதன் அளவு தெரிந்துவிடும். ஆனால் அலை எவ்வளவு உயரம் என்பது கடலில் உள்ள அளவு மிதவைகளும் கரையோர அளவீடுகளும் சொன்ன பிறகே உறுதியாகும். அதுவரை அதிகாரிகள் கெட்டதை எதிர்பார்த்துத்தான் பேசுவார்கள், பேச வேண்டும். வராத அலைக்காகக் காலி செய்த மாலையை விடுதிக்காரர் நஷ்டக் கணக்கில் எழுதக்கூடாது, பயிற்சிச் செலவு என்று எழுதிக்கொள்ள வேண்டும். அன்று எத்தனை நிமிடத்தில் கடற்கரை காலியானது, எந்தப் படிக்கட்டில் நெரிசல், எந்த விருந்தாளிக்கு மொழி புரியவில்லை என்று குறித்து வைத்தவர்கள் சம்பளம் கொடுக்காமல் ஒரு ஒத்திகை நடத்தியவர்கள்.

பத்து பெரிங்கியின் அமைப்பையும் கொஞ்சம் எண்ணிப் பாருங்கள். ஒரு பக்கம் கடல், மறு பக்கம் மலை, நடுவே வளைந்து வளைந்து போகும் ஒரே சாலை. எச்சரிக்கை வந்ததும் எல்லாரும் காரை எடுத்துக்கொண்டு ஜார்ஜ்டவுன் பக்கம் கிளம்பினால், கடலோரத்திலேயே வண்டிகள் வரிசையாக நிற்கும். அங்கே தப்பும் வழி கால் நடை. பின்னால் உள்ள மேட்டுக்கு நடக்கலாம். முடியாதவர்கள் உறுதியான கான்கிரீட் கட்டடத்தின் மூன்றாவது மாடிக்கும் அதற்கு மேலும் ஏறலாம். பெரிய விடுதிகளுக்கு மாடி இருக்கிறது. இரவுச் சந்தைக் கடைக்காரருக்கும் நீர் விளையாட்டுப் படகுக்காரருக்கும் மாடி இல்லை. பக்கத்துப் பெரிய விடுதியின் படிக்கட்டு அவர்களுக்குத் திறக்குமா, காவலாளி தடுப்பாரா என்பதை அலை வரும் நாளில் பேசிக்கொண்டிருக்க முடியாது. ஒரு தேநீர் குடிக்கும் நேரத்தில் இப்போதே பேசி முடிக்கக்கூடிய காரியம் இது.

இன்னொன்று. கடல் பின்வாங்கினால்தான் அலை வரும் என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. அது பாதி உண்மை. சில கரைகளில் முதலில் கடல் உள்வாங்கும். சில கரைகளில் நீர் நேராக ஏறிவிடும். முதல் அலையே பெரியது என்பதும் இல்லை. 2004-இல் ஆசியாவின் பல கரைகளில் முதல் அலைக்குப் பிறகு உறவினரைத் தேடவும் பொருளை எடுக்கவும் இறங்கியவர்களை அடுத்த அலை கொண்டுபோனது. அதிகாரிகள் அறிவிக்கும் வரை கீழே இறங்கக்கூடாது.

மொழியும் சாதாரண விஷயமல்ல. ஜார்ஜ்டவுன் லிட்டில் இந்தியா உணவகங்களில் வேலை செய்யும் பலர் தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்கள். மலாயில் வரும் அறிவிப்பு அவர்களில் எத்தனை பேருக்குப் புரியும்? விடுதிகளின் சமையலறையிலும் சலவை அறையிலும் நேப்பாளிகளும் வங்காளதேசிகளும் இருக்கிறார்கள். விருந்தாளியின் அறைக் கதவில் ஆங்கிலத்திலும் சீனத்திலும் அறிவிப்பு ஒட்டுகிறவர்கள், சொந்த வேலையாளின் மொழியில் நான்கு வரி எழுதி ஒட்டுவதில்லை.

கடல் மட்டுமல்ல

சுனாமியைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தால் பினாங்கின் உண்மையான எதிரி தப்பித்துவிடும். பினாங்குத் தொழிலை அடிக்கடி தொடுவது மழை. 2017-ஆம் ஆண்டு தீபாவளி முடிந்த மூன்றாம் நாள், அக்டோபர் 21-ஆம் தேதி, தஞ்சோங் பூங்காவில் ஒரு கட்டுமான இடத்தில் மண் சரிந்து 11 தொழிலாளர்கள் புதைந்து மாண்டார்கள். இரண்டு வாரம் கழித்து நவம்பர் 4-ஆம் தேதி சனிக்கிழமை தொடங்கிய பேய்மழையும் காற்றும் மறுநாள் வரை ஓயவில்லை. தீவும் செபராங் பிறையும் மூழ்கின. நள்ளிரவுக்குப் பிறகு அன்றைய முதலமைச்சர் லிம் குவான் எங் இராணுவத்தின் உதவியைக் கேட்க வேண்டியதாயிற்று. ஏழு பேர் இறந்தார்கள். மரங்கள் வேரோடு சாய்ந்து சாலைகளை அடைத்தன. கொடிமலைக்கு ஏறும் ஜீப் சாலை மண்சரிவில் துண்டிக்கப்பட்டது.

அந்த இரவு விடுதிகள் கற்ற பாடங்கள் புத்தகத்தில் கிடைக்காதவை. மின்சாரம் போனால் ஓடுவதற்காக வாங்கிய ஜெனரேட்டரைக் கீழ்த்தளத்தில் வைத்திருந்தால், வெள்ளம் முதலில் முழுகடிப்பது அதைத்தான். விருந்தாளிகளின் பெயர்ப் பட்டியல் கணினியில் மட்டும் இருந்தால், கணினி அணைந்ததும் எந்த அறையில் யார் இருக்கிறார் என்பதே தெரியாது. காலைப் பணிக்கு வர வேண்டியவர்களின் வீடும் வெள்ளத்தில்தான் இருக்கும். அவர்களும் தங்கள் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு ஏதோ ஒரு பள்ளி மண்டபத்தில் இருப்பார்கள். வேலைக்கு வரவில்லையே என்று கோபிப்பதில் பயனில்லை. பாதி ஆட்களை வைத்துக்கொண்டு, மின்சாரமில்லாமல், சூடான கஞ்சியும் ரொட்டியும் கொடுத்து ஒரு நாளை ஓட்டுவது எப்படி என்று முன்னாலேயே யோசித்தவர் பிழைப்பார். அட்டைக் கருவி ஓடாத நாளில் பெட்டியில் கொஞ்சம் ரொக்கம் வேண்டும் என்பதும் அன்றுதான் பலருக்கு உறைத்தது.

அக்டோபரும் நவம்பரும் பினாங்கில் மழை மாதங்கள் என்பது யாருக்கும் புதிதல்ல. ஜாலான் பி. ரம்லி வட்டாரத்தில் குடியிருப்பவர்கள் மழை கனத்தால் சாமான்களை உயரத்தில் தூக்கி வைத்துவிடுவார்கள். கடல் ஏற்றமும் கனமழையும் ஒரே நேரத்தில் கூடினால் சுங்கை பினாங்கு நீர் கடலில் வடிய வழியில்லாமல் எதிர்த்து நிற்கும் என்பது அவர்களுக்குத் தெரியும். கடல் ஏற்ற இறக்க அட்டவணை ஆண்டு முழுமைக்கும் முன்கூட்டியே கிடைக்கிறது. தைப்பூசத் தேதியைப் பார்த்து அறைக் கட்டணத்தை உயர்த்தத் தெரிந்த விடுதிக்காரர், மழை மாதங்களில் அந்த அட்டவணையையும் நாட்காட்டிக்குப் பக்கத்தில் மாட்டி வைக்கலாம். வேளாங்கண்ணியில் அலையில் போனவர்களில் பெரும் பகுதியினர் யாத்திரிகர்கள் என்பதையும் இங்கே நினைவுகூர வேண்டியிருக்கிறது. தண்ணீர்மலைக்கு வரும் பக்தரும் ஒரு சுற்றுப்பயணிதான். ஊர் வழி தெரியாதவர்தான்.

இனி பணத்தைப் பற்றி. சாதாரண தீ காப்புறுதிப் பத்திரத்தில் வெள்ளம் தானாக அடங்காது. கூடுதல் சந்தா கட்டிச் சேர்க்க வேண்டும். வண்டிக்கும் அப்படியே. முழுக் காப்புறுதி எடுத்திருக்கிறேன் என்று நிம்மதியாக இருக்கும் சுற்றுலா வேன் உரிமையாளர், இயற்கைச் சீற்றத்துக்கான இணைப்பைச் சேர்க்காவிட்டால், வெள்ளத்தில் மூழ்கிய இயந்திரத்துக்குச் சொந்தப் பணத்தைத்தான் எடுக்க வேண்டும். கட்டடமும் பொருளும் ஒரு கணக்கு. கடை மூடிக் கிடந்த நாட்களின் வருமான இழப்பு வேறொரு கணக்கு. அதற்குத் தனிப் பத்திரம் உண்டு. சுனாமியால் வரும் சேதம் எந்தப் பிரிவில் அடங்கும் என்பதை முகவரிடம் வாய்மொழியாகக் கேட்டுத் தலையாட்டிவிட்டு வராமல், எழுத்தில் வாங்க வேண்டும். பழைய கடைவீடுகளை விடுதியாக்கியவர்களுக்கு இது இன்னும் முக்கியம். 2008-இல் உலக மரபுடைமைப் பட்டியலில் ஏறிய ஜார்ஜ்டவுனில், நனைந்து இற்றுப்போன ஒரு மரத்தளத்தைப் பழைய முறைப்படி மாற்றும் செலவு சாதாரணக் கட்டடத்தின் செலவல்ல.

செய்தி அடித்த அலை

2004 டிசம்பருக்குப் பிறகு பினாங்கின் பெரிய விடுதிக் கட்டடங்கள் பெரும்பாலும் நிமிர்ந்துதான் நின்றன. ஆனால் அறைகள் காலியாயின. வெளிநாட்டில் தொலைக்காட்சி பார்த்தவருக்குப் புக்கெட்டும் பினாங்கும் ஒன்றுதான். வரைபடத்தில் இரண்டும் ஒரே கரை. 2005-ஆம் ஆண்டு தொடக்கத்தில் உலகச் சுற்றுலா அமைப்பு புக்கெட்டிலேயே கூடி, பாதிக்கப்பட்ட நாடுகளின் சுற்றுலாவை மீட்பதற்கான செயல்திட்டத்தை வகுத்தது. சிறு தொழில்களைக் காப்பாற்றுவதும் பயணிகளின் நம்பிக்கையைத் திரும்பப் பெறுவதும் அதில் முக்கிய இடம் பெற்றன. காரணம் எளிது. பெரிய விடுதிக்கு வங்கி இருக்கிறது, வேறு நாட்டில் கிளை இருக்கிறது. கடற்கரையில் குதிரை ஓட்டுகிறவருக்கும் சட்டை விற்கிறவருக்கும் இரண்டு மாத வருமானம் நின்றால் மூன்றாம் மாதம் கடன்.

இங்கே ஒரு சபலம் வரும். “ஒன்றும் ஆகவில்லை, எல்லாம் வழக்கம்போல் நடக்கிறது, வாருங்கள்” என்று சொல்லத் தோன்றும். பல ஊர்கள் அப்படிச் சொல்லிக் கெட்டிருக்கின்றன. வந்து பார்த்த பயணி, மூடிக் கிடக்கும் கடற்கரையையும் சேற்றையும் படமெடுத்து ஊருக்கு அனுப்பினால் ஆறு மாதத்து விளம்பரம் ஒரு நாளில் போகும். ஒவ்வொருவர் கையிலும் ஒளிப்படக் கருவி உள்ள இன்று சொல்லவே வேண்டாம். எது திறந்திருக்கிறது, எது திறக்கவில்லை, எப்போது திறக்கும் என்று நாள்தோறும் சொல்வதே வியாபாரத்துக்கு நல்லது. முன்பதிவை ரத்து செய்கிறவரிடம் முன்பணத்தைப் பிடித்துவைத்துச் சண்டை போடுவதைவிட, அதே பணத்துக்கு வேறு தேதி தருவது புத்திசாலித்தனம். ரத்து செய்தவர் அப்போது மீண்டும் வரக்கூடிய விருந்தாளியாகிறார்.

முன்பதிவுப் பட்டியலை எடுத்து ஒவ்வொருவருக்கும் தனித்தனியே எழுத வேண்டும். அது யார் வேலை, எந்த மொழியில், முதல் நாளே எழுதுவதா என்பதையும் முன்னாலேயே தீர்மானித்து வைக்கலாம். கடிதத்தின் வாசகத்தைக்கூட இப்போதே எழுதி வைக்கலாம். தேதிக்கும் சம்பவத்துக்கும் இடம் விட்டால் போதும். நாற்பது அறை உள்ள ஒரு விடுதிக்கு இது ஒரு மதிய நேர வேலை. முகப்பிடத்து இளைஞருக்கு முதலாளி எழுதிக் கொடுக்க வேண்டிய அந்த அதிகாரக் கடிதத்துக்கோ பத்து நிமிடம் போதும். அதன் ஒரு பிரதி முகப்பிடத்து மேசையிலும், இன்னொரு பிரதி கடற்கரைக் காவலாளியிடமும், மூன்றாவது பிரதி வெள்ளம் எட்டாத மேல்மாடியிலும் இருக்க வேண்டும்.